நொதுமல் வேறு, நடுவு வேறு

கேள்வி இது: “ஒளி-இருள், இன்பம்-துன்பம், நன்மை-தீமை, நட்பு-பகை என்று உலகம் இரட்டைகளால் ஆனதாகவே தோன்றுகிறது. இந்த இரட்டைகளுக்கு நடுவே நடுநிலை என்று ஓர் இடம் மெய்யாகவே இருக்கிறதா? இருந்தால், அது இரண்டும் கலந்த இடமா, இரண்டும் இல்லாத இடமா? அங்கே நிற்பவர் எதிலும் பட்டுக்கொள்ளாதவர்தானா?”

முதல் வினாவுக்கு ஒரே சொல்லில் விடை தர இயலாது. சில இரட்டைகளுக்கு நடு உண்டு, சிலவற்றுக்கு இல்லை. உண்டென்னும் இடங்களிலும் அந்த நடு ஒரே வகையானது அன்று. மூன்றாவது வினாவுக்கு மட்டும் தயக்கமின்றி ‘அல்லர்’ என்று சொல்லலாம். எதிலும் பட்டுக்கொள்ளாமல் இருப்பதற்கும் நடுவில் நிற்பதற்கும் தமிழில் வெவ்வேறு சொற்களே இருந்தன. அவற்றில் ஒன்றை நாம் மறந்துவிட்டதால் இன்று இரண்டையும் ஒன்றாக எண்ணுகிறோம். அந்தச் சொல்லுக்குப் பின்னர் வருகிறேன். அதற்கு முன் ‘எதிர்’ என்பதையே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். நடுவைப் பற்றிய குழப்பங்களில் பெரும்பாலானவை எதிரைப் பற்றிய குழப்பங்களே.

‘அ’ என்னும் எதிர்மறை முன்னொட்டுக்கு இன்மை, அன்மை, மறுதலை என மூன்று பொருள்கள் உண்டென்று நம் இலக்கண ஆசிரியர்கள் கற்பிப்பார்கள். அரூபம் என்றால் உருவம் இல்லாமை, அது இன்மை. அதர்மம் என்றால் தருமம் இல்லாமை மட்டும் அன்று, தருமத்துக்கு நேர் எதிரானது, ஆகவே அது மறுதலை. உறங்கிக்கொண்டிருப்பவன் அந்த நேரத்தில் தருமம் எதுவும் செய்வதில்லை என்பதற்காக அவன் அதர்மம் செய்கிறான் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அன்மைக்கு எடுத்துக்காட்டு நம் உணவகங்களின் பெயர்ப்பலகையிலேயே இருக்கிறது. அசைவம் என்றால் சைவ உணவு அல்லாத பிற உணவு, அவ்வளவுதான். மீன் குழம்பு சாம்பாரின் இன்மையும் அன்று, சாம்பாருக்குப் பகையும் அன்று. முட்டையை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று வீட்டுக்கு வீடு வழக்கு நடப்பதும், “முட்டை மட்டும் சாப்பிடுவேன்” என்பவர்கள் எல்லாப் பந்தியிலும் இருப்பதும், அது பிற என்னும் உறவாக இருப்பதால்தான். நேர் எதிராக இருந்திருந்தால் இந்த வழக்குக்கே இடமிருந்திருக்காது. வடமொழி இலக்கணிகள் இந்த எதிர்மறைக்கு ஆறு பொருள் வரை எண்ணினார்கள். அவற்றுள் ஒன்று ‘சிறுமை’. மெல்லிய இடையுடைய பெண்ணை ‘வயிறு இல்லாதவள்’ என்று சொல்லும்போது வரும் ‘இல்லை’ உண்மையில் ‘சிறிது’ என்றே பொருள்படுகிறது. இல்லை என்னும் சொல்லுக்குள் இத்தனை அறைகள் இருக்கும்போது, இரண்டுக்கும் நடு எங்கே என்று தேடுபவர் எந்த அறையில் நின்றுகொண்டு தேடுகிறார் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

கிரேக்கத்தில் பொ.ஆ.மு. 4-ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் இதே வேலையை வேறு வழியில் செய்தார். அவர் எதிர்களை நான்காக வகுத்தார். இருமடங்கும் பாதியும் போன்ற உறவு எதிர்கள், நன்மையும் தீமையும் போன்ற முரண்கள், பார்வையும் குருடும் போன்ற உடைமையும் இழப்பும், ‘அவன் அமர்ந்திருக்கிறான்’, ‘அவன் அமர்ந்திருக்கவில்லை’ போன்ற உடன்பாடும் மறுப்பும். இவற்றுள் கடைசி வகைக்கு நடு கிடையாது. ஒன்று மெய்யானால் மற்றது பொய். முரண்களை அவர் மீண்டும் இரண்டாகப் பிரித்ததுதான் நமக்கு முக்கியமானது. எண் என்றால் அது ஒற்றைப்படையாகவோ இரட்டைப்படையாகவோ இருந்தே தீர வேண்டும், எனவே அங்கே நடு இல்லை. ஆனால் ஒரு பொருள் வெள்ளையாகவோ கருப்பாகவோ இருந்தே தீர வேண்டிய கட்டாயம் இல்லை. சாம்பல் நிறமும் வேறு நிறங்களும் நடுவே இருக்கின்றன. சில நடுக்களுக்குச் சாம்பல் போலப் பெயர் உண்டு. சிலவற்றுக்குப் பெயரே இல்லாமல் ‘நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல’ என்று இரு முனைகளையும் மறுத்துத்தான் சொல்ல முடிகிறது என்பதையும் அவர் கவனித்திருக்கிறார்.

பூச்சியத்தை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். நேர்ம எண்ணுக்கும் எதிர்ம எண்ணுக்கும் இடையில் பூச்சியம் நடுவில் நிற்கிறது, இரண்டிலும் சேராது. அதே பூச்சியம் ஒற்றை-இரட்டை என்னும் வழக்கில் நடுவில் நிற்பதில்லை. அது சந்தேகமில்லாமல் இரட்டைப்படை. ஆக, ஒரு பொருள் தன் இயல்பிலேயே நடுநிலையானது என்று சொல்வதில் பொருளில்லை. எந்த இரட்டையைப் பற்றிய நடு என்று சொல்லாதவரை ‘நடு’ என்பது முற்றுப்பெறாத சொல்.

இனி, நடு உண்டு என்று ஒப்புக்கொண்ட இடங்களுக்கு வருவோம். பலருக்கும் முதலில் தோன்றுவது கலவை நடு. வெந்நீரையும் தண்ணீரையும் விளாவினால் கிடைக்கும் இளஞ்சூடு போன்றது அது. நல்லொழுக்கம் மிகைக்கும் குறைவுக்கும் நடுவில் இருக்கிறது என்று அரிஸ்டாட்டில் சொன்னதையும் பலர் இந்தக் கலவைப் பொருளிலேயே எடுத்துக்கொள்கிறார்கள். அவர் சொன்னது அது அன்று. 10 மினா எடையுள்ள உணவு மிகுதி, 2 மினா குறைவு என்றால் கணக்கின்படி நடு 6 மினா. ஆனால் பயிற்சியாளர் எல்லோருக்கும் 6 மினா கொடுக்கமாட்டார், மல்லன் மிலோவுக்கு அது போதாது, புதிதாகப் பயிற்சிக்கு வந்தவனுக்கு அது மிகுதி என்று அவரே எடுத்துக்காட்டுத் தருகிறார். அதற்கு மேல் அவர் சொல்லும் இரண்டு செய்திகள் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. முதலாவது, நடு எப்போதும் சரிபாதியில் இருப்பதில்லை. வீரம் கோழைத்தனத்துக்கும் முரட்டுத் துணிச்சலுக்கும் இடையில் இருந்தாலும், அது துணிச்சலுக்கு அருகிலும் கோழைத்தனத்திலிருந்து தொலைவிலும் நிற்கிறது. இரண்டாவது, வரையறையால் நடுவாக இருக்கும் அதே ஒழுக்கம் சிறப்பை நோக்கும்போது ஒரு முனை, அதாவது உச்சி. கொலை, களவு, பிறன்மனை நயத்தல் ஆகியவற்றுக்கு நடுவே கிடையாது, அளவாகக் களவாடுவது என்று ஒன்று இல்லை என்பதையும் அவர் சேர்த்தே சொல்கிறார். இவ்வளவையும் சொன்னவரை ‘எல்லாவற்றிலும் மிதமாக இரு’ என்ற ஒற்றை வரியாகச் சுருக்கிவிட்டது அவருக்குச் செய்த அநியாயம் என்றே எனக்குத் தோன்றும்.

அவருக்குப் பின் கிரேக்கத்தில் தோன்றிய தத்துவ மரபினரான ஸ்டோயிக்குகள் இந்த இடத்தில் அவரோடு உடன்படவில்லை. உடல்நலம், செல்வம் போன்றவை நன்மையும் அல்ல, தீமையும் அல்ல, அவை நடுவிலிருப்பவை என்று அவர்கள் தாராளமாக நடுவுக்கு இடம் கொடுத்தார்கள். ஆனால் நல்லொழுக்கத்துக்கும் தீயொழுக்கத்துக்கும் இடையில் மட்டும் ஒன்றையும் விடவில்லை. ஒரு கோல் ஒன்று நேராக இருக்கும், இல்லாவிட்டால் வளைந்திருக்கும் என்பது அவர்கள் சொன்ன உவமை. இந்தக் கோலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கலவையிலிருந்து வேறான இன்னொரு நடு இருக்கிறது. அதைச் சமநிலை நடு எனலாம். இதை நான் புத்தகத்தில் படித்ததைவிட எங்கள் தெருவில் ஒரு மழை இரவில் நன்றாகக் கற்றுக்கொண்டேன். திடீரென்று எங்கள் வீட்டு விளக்குகள் கண் கூசும் அளவுக்கு எரிந்தன. எதிர் வீட்டில் மங்கி, மின்விசிறி சோம்பலாகச் சுற்றியது. பத்து நிமிடத்துக்குள் எங்கள் குளிர்பதனப் பெட்டி கருகிய வாசனையோடு நின்றுபோனது. மறுநாள் கம்பத்தில் ஏறிய லைன்மேன் கீழே இறங்கிச் சொன்னது: “நியூட்ரல் விட்டுப்போச்சு சார், வேற ஒண்ணுமில்ல.” டெஸ்டரை வைத்தால் பேஸ் கம்பியில் மினுக்கும் விளக்கு நியூட்ரல் கம்பியில் மினுக்காது. அதனால் அது எதையும் செய்யாத, பெயருக்கு ஓடும் கம்பி என்றே அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் தெருவில் வரும் மூன்று பேஸ்களும் ஒன்றிலிருந்து ஒன்று 120 பாகை தள்ளி ஏறி இறங்குகின்றன. அவை சந்திக்கும் நியூட்ரல் புள்ளியில், மூன்றிலும் சுமை சமமாக இருந்தால், மூன்று மின்னோட்டங்களும் ஒன்றையொன்று ஈடுசெய்து கூட்டுத்தொகை பூச்சியமாகிறது. அந்தப் பூச்சியம் வெறுமையால் வந்தது அன்று, மூன்று வலிய இழுப்புகள் ஒத்து நிற்பதால் வந்தது. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் என்பதே அந்தப் புள்ளியிலிருந்து அளந்த அளவுதான். அது அறுந்ததும் ஒவ்வொரு வீடும் தனக்குரிய அளவை இழந்து, எவர் வீட்டில் சுமை குறைவோ அவர் வீட்டில் மின்னழுத்தம் ஏறிவிடுகிறது. குளிர்பதனப் பெட்டிக்கு நான் கொடுத்த விலையில் இந்தப் பாடம் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

வேதியியலிலும் நடுநிலை இதே வகைதான். தூய நீரின் பிஎச் 7 என்று பள்ளியில் மனப்பாடம் செய்கிறோம். அது 25 பாகை செல்சியசில் மட்டும் உண்மை. நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோனால் அந்த எண் ஏறக்குறைய 6.1 ஆகிவிடுகிறது, ஆனாலும் நீர் அமிலமாகிவிடுவதில்லை. ஹைட்ரஜன் அயனிகளும் ஹைட்ராக்சைடு அயனிகளும் அங்கேயும் சம அளவில் இருப்பதால் அது நடுநிலையாகவே இருக்கிறது. நடுவைக் குறிக்கும் எண் நகர்கிறது, சமம் நகர்வதில்லை.

இப்போது முன்பு சொன்ன மறந்த சொல்லுக்கு வருகிறேன். அது நொதுமல். பகையும் இல்லை நட்பும் இல்லை என்ற நிலைக்குப் பழந்தமிழில் பெயர் அதுதான். நொதுமலர் என்றால் அயலார். அகப்பாடல்களில் தலைவியைப் பெண் கேட்டு வரும் அயலாரின் முயற்சிக்கு ‘நொதுமலர் வரைவு’ என்று பெயர். அணுவில் மின்னேற்றம் இல்லாத துகளுக்கு ‘நொதுமி’ என்று பெயர் சூட்டியவர்கள் இந்தச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அந்தத் துகளுக்கு அது பொருத்தமாகவும் இருக்கிறது. ஆனால் திருக்குறளின் 12-ஆம் அதிகாரத்துக்கு ‘நடுவு நிலைமை’ என்று பெயர் வந்தபோது அங்கே சொல்லப்பட்டது நொதுமல் அன்று. பரிமேலழகர் அந்த அதிகாரத்தின் தொடக்கத்தில் ஒரே வாக்கியத்தில் இதைத் தீர்த்துவிடுகிறார்: பகை, நொதுமல், நட்பு என்னும் மூன்று பகுதியினும் அறத்தின் வழுவாது ஒப்ப நிற்கும் நிலைமையே நடுவு நிலைமை.

இந்த வாக்கியத்தை நான் பலமுறை படித்தும் அதன் அமைப்பைக் கவனிக்கச் சில ஆண்டுகள் ஆயின. பகை ஒரு முனையில், நட்பு மறுமுனையில், நொதுமல் நடுவில் என்று ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டின் மையப்புள்ளி நொதுமல்தான். ஆனால் நடுவு நிலைமை அந்தப் புள்ளியில் இல்லை. அது அந்தக் கோட்டிலேயே இல்லை. பகைவன், அயலான், நண்பன் ஆகிய மூவரையும் ஒருசேர நோக்கும் வேறோர் இடத்தில் இருக்கிறது. நொதுமலான் என்பவனே அதன் பார்வைக்கு உட்பட்ட மூவரில் ஒருவன்தான். அயலானுக்கும் அநீதி இழைக்க முடியும். நமக்கு உறவும் இல்லை, விரோதமும் இல்லை என்பதாலேயே அவன் வழக்கை அரைகுறையாகக் கேட்டு அனுப்பிவிடுவதும் நடுவு பிறழ்ந்ததுதான். நண்பனாக இருந்துகொண்டே நண்பனுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லவும் முடியும். நட்பை விட்டு விலகி நொதுமலனாக மாறினால்தான் நடுநிலை வரும் என்ற நிபந்தனை எங்கும் சொல்லப்படவில்லை.

அந்த அதிகாரத்தின் புகழ்பெற்ற உவமை துலாக்கோல். “சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை சான்றோர்க் கணி.” கைத்தராசைப் பிடித்து நிறுப்பவரைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? தட்டுகள் காலியாக இருக்கும்போதே முள் நேராக நிற்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். அதுதான் சமன் செய்வது. அதன் பிறகே ஒரு தட்டில் படிக்கல்லையும் மறுதட்டில் சரக்கையும் வைப்பார்கள். அதுதான் சீர்தூக்குவது. சரக்கு குறைவாக இருந்தால் கோல் ஒருபுறம் சாயும், சாய்ந்தே ஆக வேண்டும். சரக்கும் கல்லும் வேறுபடும்போதும் அசையாமல் கிடையாக நிற்கும் தராசு பழுதான தராசு. கோலிடம் எதிர்பார்க்கப்படும் கோடாமை, எடை வைப்பதற்கு முன்னால் அது எந்தப் பக்கமும் சாய்ந்திருக்கக் கூடாது என்பதுதான். எடை வைத்த பிறகு சாய்வது அதன் கடமை. ‘நான் இருதரப்புக்கும் பொது, யார் சரி என்று சொல்லமாட்டேன்’ என்பவர், நிறுக்கத் தெரியாத தராசையே பெருமையாகக் காட்டுகிறார்.

இங்கே ஸ்டோயிக்குகளின் கோலை நினைவுகூருங்கள். அந்த அதிகாரம் முழுவதும் கோடாமை, செப்பம், சொற்கோட்டம், உட்கோட்டம் என்று வளைவையும் நேர்மையையும் குறிக்கும் சொற்களாகவே இருக்கின்றன. நடுவு நிலைமைக்கும் ஓர் எதிர்ச்சொல் உண்டு, அது கோட்டம். அந்த இரட்டைக்கு நடு கிடையாது. நடுநிலைக்கும் ஓரவஞ்சனைக்கும் நடுவே ஒரு நடுநிலையைத் தேட முடியாது.

பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைச் சொல்லும்போது இன்னும் கூர்மையான ஓர் உவமையைத் தருகிறது: “நெடுநுகத்துப் பகல்போல நடுவுநின்ற நன்னெஞ்சினோர்.” பகல் என்பது இங்கே நுகத்தடியின் நடுவில் அடிக்கும் ஆணி, பகலாணி. இடத்து மாடும் வலத்து மாடும் இழுக்கும் இழுப்பு முழுவதும் வந்து விழுவது அந்த ஆணியில்தான். அது பாதி மாடு அன்று, இரு மாடுகளின் கலவையும் அன்று, இழுப்பிலிருந்து ஒதுங்கி நிற்பதும் அன்று. எதிலும் பட்டுக்கொள்ளாத நடு என்று ஒன்றை நினைத்திருப்பவர்களுக்கு நான் காட்ட விரும்புவது இந்த ஆணியைத்தான். அடுத்த வரிகளில் அந்த வணிகர்கள் தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒப்ப நாடி, கொள்வதை மிகையாகக் கொள்ளாமல், கொடுப்பதைக் குறைவாகக் கொடுக்காமல் இருந்தார்கள் என்று வருகிறது. நடுவு என்பது அவர்களுக்குத் தத்துவச் சொல்லாக இருந்ததைவிட, நாள்தோறும் கையில் பிடிக்கும் அளவுகோலாக இருந்திருக்கிறது.

கோரிக்கைகளின் நடுவை நியாயத்தின் நடுவாக எடுத்துக்கொள்வதில் உள்ள ஆபத்தை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். 10 சென்ட் நிலம். அண்ணன் முழுவதும் தனக்கே என்கிறான். தம்பி பாதி எனக்கு என்கிறான். பேசித் தீர்க்க வந்த பெரியவர், “தகராறு அந்தப் பாதியில்தானே, அதை ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொள்ளுங்கள்” என்று 7.5, 2.5 எனப் பிரித்துவிடுகிறார். பழைய யூதச் சட்டத்தில் இதே கணக்கு இருக்கிறது. இருவர் ஒரே துணியைப் பிடித்துக்கொண்டு வந்து, ஒருவன் முழுவதும் எனது என்றும் மற்றவன் பாதி எனது என்றும் சொன்னால், இருவரையும் சத்தியம் செய்யச் சொல்லி முக்கால் பங்கும் கால் பங்குமாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறது அது. அங்கே அது நியாயம், ஏனெனில் துணியை இருவரும் பிடித்திருக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு சான்றே இல்லை. ஆனால் நிலத்துக்குப் பத்திரம் இருந்து, அதில் சரிபாதி என்று எழுதியிருந்தும் அதைப் பிரித்துப் பார்க்காமல் பெரியவர் இப்படித் தீர்த்தால், நடுவில் நின்றதாகச் சொல்லிக்கொண்டே அதிகமாகக் கேட்டவனுக்குக் கூலி கொடுத்தவராகிறார். அடுத்த முறை தம்பியும் முழுவதும் எனக்கே என்றுதான் தொடங்குவான்.

நொதுமலை நடுவென்று மயங்கும் இந்த ஆபத்தைப் பௌத்த ஆசிரியர்களும் கண்டுகொண்டார்கள். இன்பம், துன்பம், இரண்டும் அல்லாதது என உணர்ச்சி மூவகை என்பது அவர்கள் மரபு. ஆனால் உள்ளம் எய்த வேண்டிய உபேக்கை என்னும் சமநோக்கு அந்த மூன்றாவது உணர்ச்சியோடு ஒன்றாக எண்ணத்தக்கது அன்று. 5-ஆம் நூற்றாண்டில் விசுத்திமக்கம் எழுதிய புத்தகோசர், அன்பு, இரக்கம், பிறர் மகிழ்ச்சியில் மகிழ்தல், சமநோக்கு ஆகிய நான்கில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தொலைப்பகையும் ஓர் அண்மைப்பகையும் உண்டென்கிறார். சமநோக்குக்கு விருப்பும் வெறுப்பும் தொலைப்பகை, அவற்றை எளிதில் அடையாளம் காணலாம். அண்மைப்பகை அறியாமையால் வரும் அசட்டை. அது சமநோக்கைப் போலவே தோற்றமளிப்பதால் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

நடு என்றாலே குளிர்ச்சியான, அமைதியான இடம் என்னும் எண்ணத்தையும் தமிழ் மரபு ஒப்புக்கொள்ளவில்லை என்பதை இடையில் சொல்லிவிடுகிறேன். ஐந்திணைகளுள் தொல்காப்பியம் ‘நடுவுநிலைத் திணை’ என்று பெயரிட்டு அழைப்பது பாலையை. அதன் பொழுது நண்பகலும் வேனிலும், அதன் உரிப்பொருள் பிரிவு. மற்ற நான்குக்கும் நிலம் பங்கிட்டுக் கொடுத்த தொல்காப்பியம் பாலைக்கு நிலம் கொடுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் நல்லியல்பை இழந்து திரியும்போது பாலை என்னும் வடிவம் கொள்கின்றன என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. தனக்கென மண் இல்லாத, பிற நிலங்களின் திரிபாக மட்டும் தோன்றும் அந்த நடு, தாங்க முடியாத வெப்பமுள்ள இடம்.

இன்னும் ஆழமான விடை வேண்டுவோர் சைவ சித்தாந்தத்துக்குப் போகலாம். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதத்தின் 7-ஆம் சூத்திரம் மாறாத மெய்யாகிய சத்து, மாறுவதாகிய அசத்து என்னும் இரட்டையை எடுத்துக்கொள்கிறது. சத்தாகிய இறைவன் அசத்தாகிய உலகைச் சுட்டி அறிவதில்லை. அசத்து அறிவற்றது, ஆதலால் அதற்கு எதையும் அறிய வழியில்லை. அப்படியானால் இரண்டையும் அறிந்துகொண்டிருப்பது எது? “இருதிறன் அறிவுளது இரண்டலா ஆன்மா” என்று சூத்திரம் முடிகிறது. இரண்டையும் அறிவதாலேயே ஆன்மா இரண்டில் எதுவும் அன்று. இதை அவர்கள் சதசத்து என்பார்கள். இது கலவை அன்று. சேர்ந்ததன் வண்ணமாகும் தன்மை. பளிங்கு தன்னருகில் வைத்த பூவின் நிறத்தைக் காட்டுவது போல, ஆன்மா எதைச் சார்கிறதோ அதுவாகவே நிற்கிறது. கேள்வியில் முதலாவதாக இருந்த ஒளி-இருளுக்கே 14-ஆம் நூற்றாண்டின் உமாபதி சிவம் திருவருட்பயனில் விடை வைத்திருக்கிறார். இருளில் இருளாகவும் ஒளியில் ஒளியாகவும் ஆகும் பொருள்கள் உலகில் இல்லையா என்று அவர் கேட்க, உரைகாரர்கள் அதற்குக் கண்ணைக் காட்டுவார்கள். விளக்கு அணைந்த அறையில் கண் திறந்திருந்தும் இருளோடு இருளாகிக் கிடக்கிறது, விளக்கு ஏற்றியதும் அதே கண் ஒளியோடு கலந்து காண்கிறது. நடு என்பது இங்கே ஓர் இடம்கூட அன்று, சாரும் ஆற்றல்.

முதலில் சொன்ன இன்மை, அன்மை, மறுதலை என்னும் இலக்கணப் பாகுபாடு இந்த மரபில் தத்துவத்தின் உயிர்நிலையிலேயே வந்து நிற்கிறது. ‘அத்துவிதம்’ என்ற சொல்லில் உள்ள ‘அ’வை எப்படிக் கொள்வது என்பதுதான் வழக்கு. இரண்டு என்பதே இல்லை என்று இன்மைப் பொருள் கொண்டால் சங்கரர் மரபின் ஒருமைவாதம். மறுதலைப் பொருள் கொள்வது மத்துவர் வழியினர் நிலை. சித்தாந்திகள் அன்மைப் பொருள் கொண்டார்கள். இறையும் உயிரும் ஒன்றே என்பதும் அன்று, இரண்டாகப் பிரிந்து நிற்பவை என்பதும் அன்று, பிரிப்பின்றி இரண்டல்லாமல் நிற்கின்றன என்பது அவர்கள் விளக்கம். ஓர் எழுத்தின் பொருளில் மூன்று தத்துவங்கள் பிரிந்து போனதைப் பார்த்தால், ‘இரண்டும் அல்லாதது’ என்று கேள்வியில் போகிற போக்கில் எழுதிய தொடர் எவ்வளவு கனமானது என்பது விளங்கும்.

இன்பதுன்பங்களைப் பற்றி அந்த மரபு சொல்வது இருவினையொப்பு. நல்வினையும் தீவினையும் ஒத்துவருதல் என்று பெயர் இருப்பதால், புண்ணியமும் பாவமும் எடையில் சமமாகிவிடும் ஒரு நேரம் என்று இதைப் புரிந்துகொள்பவர்கள் உண்டு. சித்தாந்த உரையாசிரியர்கள் அதை ஏற்பதில்லை. ஒன்றில் விருப்பும் மற்றொன்றில் வெறுப்பும் இன்றி, இரண்டின் பயன்களிலும் ஒரே அளவில் உவர்ப்பு, அதாவது சலிப்பு, தோன்றும்படி அறிவு மாறுவதே ஒப்பு என்பார்கள். நல்வினை பொன்விலங்கு, தீவினை இரும்புவிலங்கு என்பது வழக்கமாகச் சொல்லும் உவமை. இரண்டு விலங்குகளையும் தராசில் வைத்துச் சமமா என்று பார்ப்பது வீண்வேலை. பொன்னும் விலங்கே என்று பட வேண்டும்.

இந்த ஒப்பு, தன் வினைப்பயனைத் தான் நோக்கும் நோக்கைப் பற்றியது. பிறர் வழக்கைப் பற்றியது அன்று. வள்ளுவர் நடுவு நிலைமையை இல்லறவியலில் வைத்தார், துறவறவியலில் வைக்கவில்லை. வாங்குவதும் விற்பதும், உறவும் பகையும், பங்கும் பாகமும் உள்ள வாழ்க்கைக்குரிய நடு அது. தனக்கு வந்த துன்பத்தை இன்பத்தோடு ஒப்ப நோக்கப் பயின்றவர், தம் வாசலில் நியாயம் கேட்டு வந்து நிற்பவனிடம் “இன்பமும் துன்பமும் ஒன்றுதானப்பா” என்று சொன்னால், அவர் ஒரு நடுவை எடுத்து மற்றொரு நடுவின் இடத்தில் வைத்துவிடுகிறார். வந்தவன் கேட்டது அவருடைய பற்றின்மையை அன்று, தன் பத்திரத்தை ஒருமுறை பிரித்துப் பார்க்கும்படி.